துரைமாருக்கு ஓய்வூதியம், சங்கத்தாருக்குத் தடை

1957 ஆகஸ்டு 31 காலை, கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். அடுத்த வாரம் ஈப்போவில் நீதிமன்றத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ போனவர் கண்ணில் பெரிய மாற்றம் எதுவும் பட்டிருக்காது. நாட்டின் நீதித்துறை உச்சியில் ஜேம்ஸ் தாம்சன் 1966 வரை இருந்தார். காலனி ஆட்சியின் போலீஸ் அதிகாரியாக வளர்ந்த கிளாட் ஃபென்னர், மலேசியாவின் முதல் போலீஸ் படைத் தலைவராகவே ஆகி, அதே 1966இல் விலகினார். ஆயுதப் படைக்கு இந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் தலைமை ஏற்றது 1964இல்தான். தோட்டங்களில் துரைமார் பங்களாவை விட்டு இறங்கவில்லை. வேலையை விட்டுக் கப்பல் ஏறிய வெள்ளை அதிகாரிகளுக்கு இழப்பீடும் ஓய்வூதியமும் ஒப்பந்தப்படி கிடைத்தன.

ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வரும்போது, பழைய ஆட்சிக்கு உழைத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. 1944இல் விடுதலையான பிரான்ஸ், ஜெர்மானியருக்குத் துணைபோனவர்களுக்கென்றே ‘தேசியத் தகுதியின்மை’ என்று ஒரு குற்றத்தை வகுத்தது. தண்டனை பெற்ற பல்லாயிரம் பேருக்கு வாக்குரிமை போனது, அரசு வேலை போனது. 1951லும் 1953லும் பொது மன்னிப்புச் சட்டங்கள் வந்து கதவைத் திறந்தன. செக்கோஸ்லோவாக்கியா 1991இல் கம்யூனிஸ்ட் ஆட்சியின் உளவாளிகளையும் கட்சிப் பொறுப்பாளர்களையும் உயர் பதவிகளிலிருந்து விலக்கியது. லிபியா 2013இல் கடாஃபி ஆட்சியில் பதவி வகித்தவர்களையெல்லாம் ஒரே வீச்சில் ஒதுக்கப் பார்த்தது. இரண்டே ஆண்டில் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றமே நிறுத்திவைத்தது. நமக்குப் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. அங்கே 1980 அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டன. நாடாளுமன்ற இருக்கையும் போயிற்று.

மலாயாவில் அப்படியொரு சட்டம் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. வந்திருந்தால் முதலில் வெளியேற வேண்டியவர் பிரதமராகத்தான் இருந்திருப்பார். துங்கு கெடாவில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். கட்சித் தலைமைக்கு வருமுன் காலனி அரசின் சட்டத்துறையில் பணிபுரிந்தவர். துணைப் பிரதமர் அப்துல் ரசாக்கும் மலாய் நிர்வாகச் சேவையிலிருந்து வந்தவரே. பேராக்கில் 1948 முதல் 1957 வரை மந்திரி பெசாராக இருந்த டத்தோ பங்லிமா புக்கிட் கந்தாங் அப்துல் வகாப், ஈப்போ வழக்கறிஞர். பழைய ஆட்சியின் ஆட்களும் புதிய ஆட்சியின் ஆட்களும் பாதிக்குமேல் ஒருவரே.

தடை என்ற ஒன்றே இந்த நாட்டில் இல்லையா என்றால், இருந்தது. அது யார்மேல் விழுந்தது என்பதைப் பார்க்கப் பேராக்கை விடப் பொருத்தமான மாநிலம் கிடையாது.

முதல் ஒத்திகை 1945இல் நடந்தது. ஜப்பான் சரணடைந்ததற்கும் பிரிட்டிஷ் படை வந்து சேர்ந்ததற்கும் இடையிலான நாட்களில், ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுக் காட்டிலிருந்து இறங்கிய மக்கள் படையினர், ஜப்பானியருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று தாங்கள் கருதியவர்களைத் தாங்களே தீர்த்துக்கட்டினார்கள். விசாரணை பெயரளவுக்குக்கூட இல்லாத இடங்கள் உண்டு. பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் ஆட்டம் மாறியது. பாப்பான் சிற்றூரில் காயம்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்காகச் சிபில் கார்த்திகேசுவைச் சித்திரவதை செய்த, ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெத்தாயின் அதிகாரி யோஷிமுரா, 1946இல் ஈப்போவில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். கொடுமை செய்தவனுக்குத் தண்டனை. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் ஜப்பானியருக்குக் கீழே அதே காக்கிச் சட்டையில் வேலை பார்த்த உள்ளூர்ப் போலீஸ்காரர்களில் பலர் சல்யூட் அடிக்கும் கொடியை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

வேலை இழந்தவர் யார்? பேராக்கின் மாத்தாங்கில் பிறந்த முஸ்தபா உசேனை எடுத்துக்கொள்ளலாம். செர்டாங் வேளாண் பள்ளி ஆசிரியர். பிரிட்டிஷாரை எதிர்த்த மலாய் இளைஞர் சங்கமான கேசத்துவான் மெலாயு மூடாவின் துணைத் தலைவர். போருக்குப் பின் ஜப்பானியரின் கையாள் என்று காவலில் வைக்கப்பட்டார். அரசு வேலை போனது. ஜப்பானியருக்காகக் கோப்பு எழுதிய எத்தனையோ அதிகாரிகள் அதே மேசையில் அமர்ந்திருக்க, இவர் மட்டும் எழுந்து போக நேர்ந்ததற்கு அவருடைய அரசியலைத் தவிர வேறு காரணம் தேடத் தேவையில்லை.

தமிழர் பக்கத்தில் கதை வேறு விதமாகப் போனது. நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் பொறுப்பு வகித்த, பேராக்கில் பிறந்த வழக்கறிஞர் ஜான் திவி, சாங்கிச் சிறையிலிருந்து வெளியே வந்து 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே நேரு அரசு அவரை மலாயாவுக்கான இந்தியப் பிரதிநிதி ஆக்கியது. ஜான்சி ராணிப் படையின் ஜானகி தேவர் பிற்காலத்தில் செனட்டராகவே அமர்ந்தார். படித்தவர்களுக்கு, ஊரில் பெயர் உள்ளவர்களுக்கு, பழைய படைச் சீருடை தடையாக இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய பால்வெட்டுக்காரனுக்குத்தான் அது தடையானது. ஜப்பான்காரன் காலத்தில் கவாத்துப் பழகியவன், விடியற்காலைப் பெரட்டில் தண்டலின் அதட்டலுக்குத் தலைகுனியத் தயாராக இல்லை. கூலி கேட்டான், கள்ளுக்கடையை மூடு என்றான், சங்கம் வைத்தான்.

சங்கம்தான் அரசாங்கத்துக்கு உறுத்தியது. 1948 ஜூன் 12 முதல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் மூன்று காரியங்களைச் செய்தது. செயலாளரைத் தவிர, சங்கப் பொறுப்பில் இருப்பவர் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு வேலை செய்திருக்க வேண்டும். மிரட்டிப் பணம் பறித்தல், அச்சுறுத்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர் பொறுப்புக்கு வரக்கூடாது. வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேரவும் கூடாது. கடைசி விதி, மலாயா கணபதி தலைமை வகித்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கழுத்தை நேராக நெரித்தது.

ஏட்டில் பார்த்தால் இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பால்வெட்டுத் தெரிந்தவர் பால்வெட்டுச் சங்கத்தை நடத்தட்டுமே! தோட்டத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் லயத்து வீட்டையும் காலிசெய்ய வேண்டும். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அத்துமீறல் வழக்கு. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற ஒருவனை நிர்வாகம் வெளியே தள்ளிவிட்டால், அந்த மூன்றாண்டுக் கணக்கை அவன் எங்கே போய் நிறைவு செய்வான்? மறியலில் வாய்ச்சண்டை போட்டதற்கு அச்சுறுத்தல் என்று ஒரு வழக்கு விழுந்துவிட்டால் போதும், தலைமைக்கு அவன் என்றென்றைக்கும் தகுதியற்றவன். சங்கத்தை யார் நடத்தலாம் என்ற முடிவு, தொழிலாளியின் கையிலிருந்து பங்களாவின் தாழ்வாரத்துக்கு நகர்ந்துவிட்டது.

பேராக் தோட்டத் தொழிலாளர்களிடையே அப்போது ஓங்கியிருந்த பெயர் ஆர்.ஜி. பாலன். 1947இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டுக்கு மலாயாவிலிருந்து போன மூவரில் ஒருவர். இன்னொருவர் கோப்பெங்கைச் சேர்ந்த ரஷீத் மைதீன். அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே பாலன் கைதானார்; வெளியே வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. சிறையில் இருந்தபடியே மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் துணைத் தலைவராக அறிவிக்கப்பட்டார் என்பது வரலாற்றின் குறும்பு.

1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட் எல்ஃபில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த மூன்று சீன இளைஞர்கள் ஆர்தர் வாக்கர் துரையைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பக்கத்துப் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் முதலில் பேராக், ஜொகூர் பகுதிகளிலும், ஜூன் 18இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. பள்ளிப் பாடநூல்கள் கதையை இங்கிருந்து தொடங்கும். சங்கத் தலைவர்களின் வாயைக் கட்டிய சட்டம் அதற்கு நான்கு நாள் முந்தியது என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அதற்காகத் துப்பாக்கி தூக்கியவர்களைத் தூய்மையாக்கிவிட முடியாது. கட்சியின் தோட்டாவுக்கு இரையானவர்களில் கங்காணிகளும் உண்டு, கூலித் தொழிலாளிகளும் உண்டு. தோட்டத்துத் தமிழன் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் பால்வாளியோடு நின்றான்.

தொடர்ந்த ஆண்டுகளில் 30,000க்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். முன்னாள் இந்திய தேசிய ராணுவத்துக்காரரான கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில், அரசு ஏற்கும் மிதவாதத் தலைமையில், பல சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. நாராயணன் அதன் முகமானார். அந்தச் சங்கம் கூலி உயர்வு வாங்கித் தந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் 1946–47இன் தோட்டத்துக் குரல் அதில் திரும்பக் கேட்கவேயில்லை.

1955 ஜூலைத் தேர்தல், தடையின் இன்னொரு முகம். வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 100க்கு 84 பேர் மலாய்க்காரர். தோட்டங்களில் இரண்டு தலைமுறை வாழ்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் குடிமக்களாகப் பதியப்படவில்லை, அதனால் வாக்கில்லை. 1948இல் இலங்கை சட்டம் போட்டு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது; மலாயா, தராமலே வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவன் இரு நாட்டிலும் ஒரே மாதிரி லயத்தில் இருந்தவன்தான்.

பழைய அதிகாரிகளுக்கு அந்தத் தேர்தல் என்ன செய்தது? துங்குவின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. கை நழுவிய ஒரே தொகுதி பேராக்கின் கிரியான், அது பாஸ் கட்சிக்குப் போனது. மந்திரி பெசார் புக்கிட் கந்தாங்கின் ஆதரவில் உருவான பேராக் தேசியச் சங்கம் ஓர் இடம்கூடப் பெறவில்லை. காலனி அரசில் உள்துறைப் பொறுப்பு வகித்த டத்தோ ஓன் ஜாபாரின் கட்சியும் தரைமட்டமானது. மக்கள் தோற்கடித்தார்கள், அவ்வளவுதான். யாரும் அவர்களை அரசியலிலிருந்து விலக்கவில்லை. 1959இல் ஓன் கோலத் திரெங்கானுவில் வென்று நாடாளுமன்றத்துக்கே வந்தார். முன்னாள் ஆட்சியாளரைக் கையாள இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வழி ஒரு தரப்புக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதுதான் வழக்கே.

மறு தரப்புக்கு அது மூடப்பட்ட நாட்கள் 1955 டிசம்பர் 28, 29. இடம், கெடாவின் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடம். காட்டிலிருந்து வந்த மூவரில் இருவர் பேராக்காரர்கள்: சித்தியவானில் சைக்கிள் கடைக்காரரின் மகனாகப் பிறந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங், கோப்பெங்கின் ரஷீத் மைதீன். எதிரில் துங்கு, சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல், டான் செங் லோக். சின் பெங்கைக் காட்டோரத்தில் சந்தித்து அழைத்துவந்தவர் ஜான் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. ஜப்பானியரை எதிர்த்து இருவரும் ஒரே காட்டில் ஒன்றாக இருந்தவர்கள். அந்தச் சேவைக்காகச் சின் பெங்குக்கு அறிவிக்கப்பட்ட பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது பின்னர் பறிக்கப்பட்டது.

இரண்டு நாள் பேச்சின் சாரம் ஒரே கேள்வி: துப்பாக்கியைக் கீழே வைத்தபின் இவர்கள் என்னவாக வாழலாம்? கட்சிக்கு அங்கீகாரம் வேண்டும், வெளியே வருபவர்கள் தடையின்றி அரசியலில் ஈடுபட வேண்டும் என்றார் சின் பெங். சரணடையுங்கள், விசாரிப்போம், விசுவாசம் உறுதியான பிறகு விடுவோம் என்றார் துங்கு. உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் தேர்ந்தெடுத்த அரசின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துவோம் என்பதுவரை சின் பெங் இறங்கி வந்தார். சரணாகதி என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. ஆயுதத்தோடு நாட்டைப் பிடிக்க முயன்ற கட்சியை நம்ப மறுத்த துங்குவின் அச்சத்தில் பொருள் இருக்கவே செய்தது. ஆனால் விசுவாசச் சோதனை என்ற ஒன்று காலனி ஆட்சிக்கு உழைத்த எவருக்கும் வைக்கப்படவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. முடிவதற்குள் அதன் சாரத்தை நிரந்தரமாக்கும் ஏற்பாடு ஆயிற்று. 1957 அரசியலமைப்பின் 149ஆம் பிரிவின்கீழ் வரும் சட்டம் ஓராண்டில் தானே காலாவதியாக வேண்டும் என்றிருந்தது. 1960 திருத்தம் அந்த வரம்பைத் துடைத்தது. அதே ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் வாயில் ‘இசா’, பிறந்தது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஈப்போ வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகமும் ஒருவர். 1957 இடைத்தேர்தலில் ஈப்போ–மெங்லெம்புவில் வென்று வந்தவர், சகோதரர் எஸ்.பி. சீனிவாசகத்தோடு மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர். இன்று ஈப்போக்காரர்கள் மாலை நடை போகும் பூங்காவுக்கு அவர் பெயர். அவர் எதிர்த்த சட்டமோ 2012 வரை உயிரோடு இருந்தது. தொழிற்சங்கச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1969 கலவரத்துக்குப் பின், அரசியல் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் சங்கப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்ற விதி சேர்ந்தது.

சின் பெங்கின் கடைசி அத்தியாயம் தோட்டத்துத் தமிழருக்கு நன்றாகவே புரியும். 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாய் நகரில் மலேசியா, தாய்லாந்து, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்டன. இங்கே பிறந்தவர்கள் திரும்பிவந்து குடியேறலாம், பிறகு சட்டத்துக்கு உட்பட்டு அரசியலிலும் ஈடுபடலாம் என்ற உறுதி அதில் இருந்தது. பாலிங்கில் மறுத்ததை 34 ஆண்டு கழித்துத் தாளில் கொடுத்தார்கள். பலர் திரும்பினார்கள். சின் பெங்குக்கு அனுமதி வரவில்லை. வழக்குப் போட்டார். பினாங்கு உயர்நீதிமன்றம் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னது. 1948 சோதனையில் போலீஸ் எடுத்துப்போய்விட்டது என்றார் அவர். 2009 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றார். 2013 செப்டம்பர் 16, மலேசிய தினத்தன்று, பேங்காக்கில் இறந்தார்.

பிறப்புப் பத்திரம்! ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கட்சித் தலைவரைத் தடுக்கப் பயன்பட்ட அதே காகிதம்தான், லயத்தில் பிறந்து பதியாமல் போன பிள்ளைகளைக் குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடு வயோதிகம்வரை வைத்திருக்கிறது. எவரையும் பெயர் சொல்லி விலக்காத சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. மூன்றாண்டு அனுபவம், கட்சிப் பொறுப்பு, ஒரு பத்திரம் என்று பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள். விளைவு மட்டும் பெரும்பாலும் ஒரே பக்கம் விழுகிறது. பிரான்சின் சட்டத்தில் ஒரு நேர்மை இருந்தது. யாரை, எதற்காக, எத்தனை காலம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதனால் பின்னாளில் திரும்பப் பெறவும் முடிந்தது.

சுங்கை சிப்புட்டின் பெயர் மறுபடி செய்தியில் அடிபட்டது 2011 ஜூன் 25இல். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமாரும் மலேசிய சோசலிசக் கட்சித் தோழர்களும் பினாங்கு போகும் வழியில் கைதானார்கள். கைப்பற்றிய பொருட்களில் சின் பெங், ரஷீத் மைதீன் படம் அச்சிட்ட டீ-சட்டைகளும் இருந்தன. மாமன்னருக்கு எதிராகப் போர், கம்யூனிசத்துக்குப் புத்துயிர் என்றெல்லாம் குற்றச்சாட்டு எழுந்தது. அவரையும் மேலும் ஐவரையும் 1969 அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடைத்து, ஜூலை இறுதியில் விட்டார்கள். 2018 தேர்தலில் அவர் தோற்றார். 1955இல் புக்கிட் கந்தாங்கின் ஆட்களுக்குக் கிடைத்த அதே வகைத் தோல்வி அது. பாலனுக்கும் கணபதிக்கும் அப்படித் தோற்கும் வாய்ப்பைக்கூட யாரும் தரவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல இடங்களில் லயங்கள் இடிந்து வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. சங்கச் சந்தா அட்டை, தடுப்புக்காவல் ஆணை, வேலைநீக்கக் கடிதம் என்று ஏதாவது ஒரு தாள் உங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் இருந்தால், கரையானுக்கு விடாமல் ஒரு படி எடுத்து அருகிலுள்ள நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ கொடுத்து வையுங்கள்.